ராக்கெட் இருக்கட்டும், முதலில் படிக்கட்டைப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் 24 வீடுகள் கொண்ட நாலு மாடி அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். இந்த வருஷம் சங்கத்துச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. போன தீபாவளி ராத்திரி பத்து மணிபோல கீழே விட்ட ராக்கெட் ஒன்று மூன்றாவது மாடி பால்கனிக்குள் நுழைந்து, அங்கே கிடந்த பழைய மெத்தையில் பற்றிக்கொண்டது. வீட்டுக்காரர்கள் சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தார்கள், வீடு பூட்டு. படிக்கட்டில் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. மேல்வீட்டுத் தம்பி தன் பால்கனியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார். இப்போது சங்கத்தில் இரண்டு கட்சி. வளாகத்துக்குள் வெடியே கூடாது என்கிறது ஒன்று. பிள்ளைகள் பண்டிகையைக் கெடுக்காதீர்கள் என்கிறது மற்றொன்று. தடை போடலாமா? சிலிண்டர் எத்தனை வாங்க வேண்டும்? கார்த்திகைக்குப் படி நெடுக விளக்கு வைக்கிறோம், கிறிஸ்துமஸுக்கு எல்லாத் தளத்திலும் ஸ்டார் தொங்குகிறது, கீழே இரண்டு பேர் மின்சார ஸ்கூட்டரை ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறார்கள். திருட்டு பயத்தால் 10.30-க்கு மேல் கீழே கிரில் கேட்டையும் மேலே தட்டட்டிக் (மொட்டை மாடி) கதவையும் பூட்டிவிடுகிறோம், அதனால் வெளி ஆள் பயம் இல்லை. ராக்கெட் விட்ட பையனின் அப்பாவும் அந்த வீட்டுக்காரரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சிக்கு வணக்கம்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ராக்கெட்டைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். என் கண் போய் நின்ற இடம் வேறு. ராத்திரி கீழேயும் பூட்டு, மேலேயும் பூட்டு என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறதே, அங்கேதான். வெளி ஆள் உள்ளே வர முடியாது, சரி. உள்ளே இருக்கிறவர்கள் எப்படி வெளியே போவது? 24 வீடு, பண்டிகைக்கு வந்த விருந்தாளிகளையும் சேர்த்தால் நூறு பேருக்குக் குறையாது. அத்தனை பேரையும் உள்ளே வைத்து இரண்டு பக்கமும் பூட்டிவிட்டுச் சாவியை யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள்? வாட்ச்மேனிடம்தானே? அவர் டீ குடிக்கப் போயிருந்தால்?

தீயணைப்புத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன், பெரும்பகுதி தென்மாவட்டங்களில். வெடியால் பற்றிய தீ எத்தனையோ பார்த்தாயிற்று. அநேகமாக வைக்கோல் படப்பு, ஓலைக் கொட்டகை, காலி மனையில் குவிந்த குப்பை. பொருள் சேதத்தோடு போய்விடும். ஆள் போன தீ என்றால் அங்கே வெளியே வரும் வழியில் ஏதாவது கோளாறு இருக்கும். 2004 நினைவிருக்கும். ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் வீடியோ விளக்கு வயரிலிருந்து மாடிப் பந்தலுக்குத் தீ போனது. ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் சமையல் கொட்டகையில் பிறந்து ஓலைக் கூரைக்கு ஏறி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. இரண்டு இடத்திலும் வெளியே வர இருந்தது குறுகலான படி. அதனால்தான் ராக்கெட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு வருகிறேன்.

உங்கள் கட்டடத்தைப் பார்க்காமலே சொல்கிறேன், தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம். படி தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் 24 வீட்டு மீட்டரும் மாட்டிய ஈ.பி. போர்டு. அதை ஒட்டி, இடம் கிடைக்காதவர்களின் பைக்குகள். படிக்கு அடியில் உடைந்த நாற்காலி, பெயின்ட் டப்பா, கொலுப்படிப் பலகை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் செருப்பு ஸ்டாண்டு, பேப்பர் கட்டு, பிள்ளைகள் சைக்கிள். சரியா? நான் ஏறி இறங்கிய அபார்ட்மென்ட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

இதில் ஒரு பைக் பற்றினால் போதும். பெட்ரோல், டயர், பிளாஸ்டிக் மூன்றும் சேர்ந்து எரிகிற புகை கறுப்பாக, பிசினாக இருக்கும். அது பக்கவாட்டில் போகாது. படிக்கட்டுக் கூடு கீழிருந்து மேல்வரை ஒரே குழாய். பழைய வீட்டு அடுப்பங்கரையில் இருந்த புகைக்கூண்டு மாதிரிதான். ஆள் ஓடி ஏறுவதைவிட வேகமாகப் புகை ஏறும். மேலே தட்டட்டிக் கதவு பூட்டியிருந்தால் அங்கே முட்டி, திரும்பிக் கீழ்நோக்கி நிறையும். முதலில் நிறைவது நாலாவது மாடி. தூக்கத்தில் இருக்கிறவர்களைத் தீ எழுப்புவதற்கு முன்னால் புகை மயக்கிவிடும். அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

ஆகவே சங்கக் கூட்டத்தில் நீங்கள் எடுத்துப் போட வேண்டிய முதல் தீர்மானம் வெடியைப் பற்றியது இல்லை. செருப்பு ஸ்டாண்டு வீட்டுக்குள் போகட்டும். சண்டை வரும், தெரியும். 'ரெண்டு ஜோடிச் செருப்பால என்ன ஆகிடப் போகுது' என்பார்கள். கரண்ட் போய், புகை சூழ்ந்து, கண் தெரியாமல் நாற்பது பேர் இறங்கும்போது தடுக்குவது அந்த இரண்டு ஜோடிச் செருப்பில்தான். ஈ.பி. போர்டுக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் ஒரு சைக்கிள்கூட நிற்கக் கூடாது என்று எழுதி வையுங்கள். படிக்கு அடியில் இருப்பதெல்லாம் ஆக்கர் கடைக்கு, அதுதான் பழைய சாமான் கடைக்கு, போகட்டும்.

பூட்டு விஷயத்துக்கும் வழி இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவனுக்குச் சாவி வேண்டும், உள்ளேயிருந்து போகிறவன் கையால் திருகினாலே திறக்க வேண்டும். அப்படிப்பட்ட பூட்டு வண்ணார்பேட்டை ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கிரில் இடைவெளியில் வெளியே நின்று கையை விட்டுத் திருகாமல் இருக்க உள்பக்கம் ஒரு தகடு அடித்துவிட்டால் திருட்டு பயமும் தீர்ந்தது. தட்டட்டிக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் போதும். பூட்டே வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. படியில் ஏற்கெனவே புகை நிறைந்திருந்தால் இறங்கப் பார்க்காதீர்கள். கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடிக்கிறதா, உடனே மூடுங்கள். கதவுக்கு அடியில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு எல்லோரும் பால்கனிப் பக்கம் போய்விடுங்கள். அங்கிருந்து 101-க்குப் போன் செய்து எந்த மாடி, எந்தப் பக்கம், எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு, வெளிர் நிறத் துணி ஒன்றை ஆட்டிக்கொண்டு நில்லுங்கள். நல்ல மரக்கதவு சாத்தியிருந்தால் வண்டி வரும்வரை நேரம் வாங்கித் தரும். வேறு வழியே இல்லாமல் புகைக்குள் போக வேண்டி வந்தால் தரையோடு தரையாகத் தவழ்ந்து போங்கள். நல்ல காற்று கீழேதான் கிடக்கும். லிஃப்டைத் தொடவே கூடாது. அப்புறம், பால்கனியை முழுக்கக் கம்பி போட்டு அடைத்திருக்கிறீர்கள் என்றால் அதில் ஒரு ஆள் நுழைகிற அளவு கதவு வேண்டும். அந்தக் கதவின் சாவி பீரோவுக்குள் இருந்து பிரயோஜனமில்லை. பக்கத்திலேயே ஆணியில் தொங்க வேண்டும்.

சிலிண்டருக்கு வருகிறேன். போன வருஷம் ஏன் வேலை செய்யவில்லை? நீங்கள் எழுதவில்லை, ஊகிக்கிறேன். மீட்டர் முள் பச்சையை விட்டுச் சிவப்புக்கு இறங்கியிருக்கலாம். வருஷக்கணக்கில் அசையாமல் தொங்கி உள்ளே பவுடர் கட்டிதட்டிப் போயிருக்கலாம். அல்லது பாதுகாப்புப் பின்னை உருவாமலே கைப்பிடியை அமுக்கியிருக்கலாம். சிரிக்காதீர்கள், பதற்றத்தில் படித்தவர்களும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை முள்ளைப் பார்த்து, சிலிண்டரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து நாலு குலுக்குக் குலுக்கி மாட்டுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துச் சோதித்துத் தேதிச்சீட்டு ஒட்டுங்கள். ஒருமுறை கொஞ்சம் அடித்திருந்தாலும் மறுபடி நிரப்பத்தான் வேண்டும்.

எத்தனை என்று கேட்டீர்கள். தளத்துக்கு ஒன்று, நாலு அல்லது ஆறு கிலோ ஏ.பி.சி. பவுடர் (மரம், துணி, எண்ணெய், கேஸ் தீ எல்லாவற்றுக்கும் ஆகும்). வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு. ஈ.பி. போர்டுக்குக் கார்பன் டை ஆக்சைடு ஒன்று, அதை போர்டை ஒட்டி மாட்டாமல் நாலடி தள்ளி மாட்டுங்கள். எரிகிற போர்டுக்குள் கையை விட்டா எடுக்க முடியும்? ஆனால் எத்தனை வாங்கினாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நாலு கிலோ சிலிண்டர் பத்துப் பதினைந்து நொடிதான் அடிக்கும். நிறையப் பேர் நிமிஷக்கணக்கில் வரும் என்று நினைத்துத் தூரத்திலிருந்தே அமுக்கி வீணாக்கிவிடுவார்கள். ஆறேழு அடி கிட்டே போய், முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி இருக்கும்படி நின்று, தீ நாக்கை விட்டுவிட்டு அடிவேரைப் பார்த்து இடவலமாக வீசி அடிக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் அடங்கவில்லை என்றால் அது உங்கள் கைக்கு மிஞ்சிய தீ. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

சரி, வெடி. முழுத் தடை வேண்டாம் என்பது என் கட்சி. தடை போட்டால் பிள்ளைகள் வெடியைத் தெருவுக்கோ தட்டட்டிக்கோ கொண்டுபோவார்கள், அங்கே பெரியவர்கள் யாரும் கூட நிற்க மாட்டார்கள். ராக்கெட்டை மட்டும் நிறுத்துங்கள். பாட்டிலில் சாய்த்து வைத்த ராக்கெட் எந்த வீட்டுக்குப் போகும் என்று செய்தவனுக்கே தெரியாது. நாலு பக்கமும் பால்கனி நிற்கிற வளாகத்தில் அதற்கு இடம் கிடையாது. சரவெடி பற்றி நீங்கள் சண்டை போடவே வேண்டியதில்லை, 2018-ல் உச்ச நீதிமன்றமே தடை போட்டாயிற்று. நேரமும் அந்தத் தீர்ப்பை ஒட்டி வந்ததுதான்: தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. உங்கள் ராக்கெட் பத்து மணிக்குப் போயிருக்கிறது. மாலை 7 முதல் 8 என்று கறாராக வைத்தால் எல்லோரும் விழித்திருப்பார்கள், வாளி நிறைந்திருக்கும், நடுவில் ஆள் நிற்கலாம். வேடிக்கையும் அப்போதுதான் கூடுதல்.

வளாகத்தில் வண்டிகளுக்குத் தூரமாக, தலைக்கு மேல் வயர் போகாத திறந்த இடம் ஒன்றைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறியுங்கள். நாலு வாளி தண்ணீர், இரண்டு வாளி மணல், மோட்டார் குழாயில் ஹோஸ் மாட்டித் தயாராக. எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பிக்கென்று தனியாக ஒரு வாளித் தண்ணீர். அந்தக் கம்பியை யாரும் மதிப்பதில்லை. எரியும்போது ஆயிரம் டிகிரிக்கு மேல் போகிற சாமான் அது, அணைந்த பிறகும் பழுக்கத்தான் இருக்கும், வெறுங்காலோடு பிள்ளைகள் மிதிப்பது அதைத்தான். நைலான், பட்டுப் பாவாடை, தொங்குகிற துப்பட்டா வேண்டாம்; பழைய பருத்திச் சட்டை போதும். புதுத்துணியில்தான் வெடிப்பேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளையை உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, கூட நில்லுங்கள்.

நம்ம ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை. சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருப்பதால் சீட்டுப் போட்டு மொத்தமாக வாங்கி வருவது வழக்கம். ரயிலில் பட்டாசு கொண்டுவருவது குற்றம், அது எல்லோருக்கும் தெரியும். வாங்கி வந்த பெட்டிகளை எங்கே வைக்கிறார்கள்? பங்கு பிரிக்கும்வரை மோட்டார் ரூமிலோ படிக்கு அடியிலோ. எந்த இடத்தைக் காலியாக வைக்கச் சொன்னேனோ அதே இடம். வந்த அன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்தது மழை. ஐப்பசி அடைமழையில் வெடி நமுத்துப் போனால் அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய்ச்சுகிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். தோசைக்கல்லில் வைத்தவர் ஒருத்தர் வீட்டுக்கு நானே போயிருக்கிறேன். சமையல் மேடை கல் பிளந்திருந்தது, அவருக்குக் கை விரல்கள் மிஞ்சியதே தெய்வச் செயல். வெயில் அடித்தால் வெயில், இல்லாவிட்டால் வேண்டாம். வெடிக்காமல் புஸ்ஸென்று போனதைத் திரும்பக் குனிந்து பற்றவைக்கவும் கூடாது, தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீர். இருபது நிமிஷம், முழுசாக. ஐஸ் வேண்டாம், பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்குள் கழற்றிவிட்டுச் சுத்தமான துணியால் லேசாக மூடி, 108-ஐக் கூப்பிட்டு ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கண்ணில் பட்டதென்றால் கசக்க விடாமல் நேராக அங்கே.

வெடியைச் சொல்லி அடுப்பை மறந்துவிடுகிறோம். தீபாவளிக்கு முந்தின இரண்டு நாள் எல்லா வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி. முந்திரிக்கொத்துக்கு மாவு கரைத்துக்கொண்டு, முறுக்கு பிழிந்துகொண்டு, நடுவில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய் நின்று பேசினால் முடிந்தது கதை. சட்டியில் புகை கிளம்புவதே எண்ணெய் கொடுக்கிற முதல் மணி. பற்றிவிட்டால் அடுப்பை அணைத்து, சட்டி வாயைவிடப் பெரிய தாம்பாளம் எடுத்து, முன்பக்கமிருந்து சரித்தாற்போல் மூடிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஆறும்வரை திறந்து பார்க்கக் கூடாது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடக் கூடாது. தண்ணீர் ஊற்றவே கூடாது: ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும், அது எரிகிற எண்ணெயை முகட்டுக்குத் தூக்கி அடிக்கும். சமையலறை முழுக்கப் பற்றுகிற விபத்துகளில் பல, அணைக்க ஊற்றிய ஒரு செம்புத் தண்ணீரால் ஆனவை. கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குச் சொல்லுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அதனால் கீழே இருக்கிற பூஜை விளக்கையும் கணக்கில் வையுங்கள்.

கார்த்திகை விளக்கை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. எங்கள் அம்மா கோலத்தின் நடுவில் சாணி உருண்டை வைத்து அதன்மேல் அகலை உட்காரவைப்பாள், சாயாது. உங்கள் படிக்கட்டில் டைல்ஸ், சாய்ந்தால் எண்ணெய் வழிந்து அடுத்த படிக்குப் போகும். படியில் வேண்டாம். பால்கனிச் சுவரிலும் வேண்டாம், காற்றுக்குக் கீழ்வீட்டுத் துணியில் விழும். வீட்டு வாசல் நிலைப்படியில் மணல் பரப்பிய தட்டில் இரண்டு, மீதியெல்லாம் கீழே முற்றத்தில் எல்லா வீட்டு அகலும் ஒன்றாக. பார்க்கவும் அதுதான் அழகு. பிள்ளைகள் பனம்பூக் கரியைக் கட்டி மாவலி சுற்றுவார்கள் என்றால் அதுவும் கீழே, வண்டி இல்லாத இடத்தில். பனம்பூக் கரிப்பொறி காற்றில் எங்கெல்லாம் போகும் என்று சின்ன வயதில் சுற்றியவர்களுக்குத் தெரியும். தட்டட்டியில் பிளாஸ்டிக் தொட்டிக்குப் பக்கத்தில் சுற்ற விடாதீர்கள்.

ஸ்கூட்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமைதான். வேலூரில் 2022 மார்ச்சில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் பற்றி எரிந்ததில் தகப்பனும் மகளும் புகையில் போய்விட்டார்கள். லித்தியம் பேட்டரி பற்றினால் உங்கள் பவுடர் சிலிண்டருக்கு அடங்காது. மேல் நாக்கு அடங்கின மாதிரி இருந்து உள்சூட்டில் மறுபடி பற்றும். தண்ணீர் விட்டு விட்டுக் குளிரவைப்பதுதான் வழி, அதுவும் எங்கள் ஆட்கள் வேலை. ஆகவே படிக்கும் ஈ.பி. போர்டுக்கும் பக்கத்தில் சார்ஜ் கிடையாது. காம்பவுண்டு சுவர் ஓரமாகக் கூரை போட்டு, லோடு கூடினால் தானே விழுகிற தனி எம்.சி.பி. சுவிட்சும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைத்து இரண்டு பாயின்ட் கொடுத்துவிடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இறக்கக் கூடாது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது. மழைத்தண்ணீரில் மூழ்கிய வண்டி, உப்பிய பேட்டரி, விழுந்து அடிபட்ட பேட்டரி எதையும் மெக்கானிக் பார்க்காமல் சார்ஜில் போட வேண்டாம். செலவை இரண்டு பேரும் பாதி ஏற்கட்டும், சங்கம் பாதி ஏற்கட்டும். நாளைக்கு இரண்டு ஆறாகும்.

கிறிஸ்துமஸ் ஸ்டாரில் இப்போது எல்.இ.டி. வந்துவிட்டதால் பாதிக் கவலை போயிற்று. மீதிக் கவலை, ஒரே பிளக்கில் நாலு சீரியல் செட்டைக் கோத்து, அதன் வயரைக் கதவிடுக்கில் நசுக்கிக் கொண்டுபோவது. குடிலில் வைக்கோலும் மரத்தூளும் இருக்கும், அதற்குள் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். 24-ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்கு ஊசிக்கோபுரம் சர்ச்சுக்கோ வேறெங்கோ குடும்பத்தோடு போகிறவர்கள் ஸ்டாரையும் குடில் விளக்கையும் அணைத்துவிட்டுப் போகட்டும். ஆளில்லாத வீட்டில் விளக்கு யாருக்கு?

பொங்கலுக்கு ஒரே ஒரு வார்த்தை. போகிக்குப் பழையதை எரிக்கிற வழக்கம் நம்ம பக்கம் அவ்வளவாக இல்லாதது நல்லதாயிற்று. ஆனால் மண் அடுப்புக்கட்டிகளை வைத்துப் பொங்கலிடப் பனையோலை எரிக்கும்போது ஓலைச் சருகு பறக்கும், வண்டி நிறுத்துகிற இடத்தில் வேண்டாம். சாம்பலைத் தண்ணீர் தெளித்துக் கிளறிவிட்டு அள்ளுங்கள். மேலே வெள்ளையாக ஆறியிருக்கும், உள்ளே கங்கு கிடக்கும். அப்படியே பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டினால் நடு ராத்திரியில் தொட்டி எரியும்.

இப்போது அந்தப் பூட்டின வீடு. நான் பிறந்தது டவுனில் ஒரு வளவில். எட்டு வீடு, ஒரு கிணறு, ஒரே நடை. யார் ஊருக்குப் போனாலும் சாவி எதிர்வீட்டு ஆணியில் தொங்கும். எந்த வீட்டுப் பட்டாசலில் (கூடத்தில்) எந்தப் பாட்டி படுத்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். விறகுக் கட்டில் ஒருதரம் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவே இல்லை. எட்டு வீட்டு வாளியும் கிணறும் போதுமாக இருந்தது. சண்டைக்கும் குறைவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அபார்ட்மென்ட்டில் எதிர்வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்க யோசிப்பார்கள், குற்றம் சொல்ல முடியாது. சாவியைக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பிரித்தால் தெரிந்துவிடும். கிளம்பும் முன் கேஸ் ரெகுலேட்டரை மூடி, ஃபிரிட்ஜ் தவிர மற்றதன் எம்.சி.பி.யை இறக்கி, ஜன்னலைச் சாத்தி, பால்கனியில் துணி, மெத்தை, அட்டைப்பெட்டி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். ராக்கெட் வந்தது பையன் தப்பு. மெத்தை கிடந்தது யார் தப்பு? இதை அந்த வீட்டுக்காரரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள், வயசானவன் சொன்னால் கேட்டுக்கொள்வார். பையனின் அப்பாவிடம், பத்து மணிக்கு வெடித்தது உன் தப்பு என்றும் சொல்லுங்கள். இந்த வருஷம் வாளிக்கும் ஹோஸுக்கும் அந்தப் பையனையே பொறுப்பாக்குங்கள். ஒரு தடவை பயந்தவன் சரியாகப் பார்த்துக்கொள்வான்.

செயலாளராக உங்கள் கையில் இருக்க வேண்டியது ஒரு நோட்டு. எந்த வீட்டில் படி இறங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், எந்த வீடு பண்டிகைக்குப் பூட்டு, அதன் சாவி யாரிடம், கரண்ட் லைனை எங்கே அணைப்பது. எங்கள் வண்டி வந்து நின்றதும் நிலைய அலுவலர் கேட்கிற முதல் கேள்விகள் இவை. இதற்குப் பதில் கிடைக்காமல் நான் நின்ற ராத்திரிகள் உண்டு. அதைவிட, சந்தின் இரண்டு பக்கமும் விருந்தாளிகள் கார் நிறுத்தி வைத்திருக்க, வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு ஹோஸைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிய ராத்திரிகள் அதிகம். பண்டிகை நாளில் வளாக வாசலுக்கு நேரே எந்தக் காரும் நிற்கக் கூடாது. 101-ல் கூப்பிடும்போது தெருப் பெயரோடு பக்கத்துக் கோயில், பள்ளி, பெட்ரோல் பங்க் என்று அடையாளம் சொல்லி, எந்தப் பக்கம் நுழைந்தால் அகலம் என்பதையும் சொல்லிவிட்டு, ஒரு ஆளைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். 101 கிடைக்காவிட்டால் 112.

தீபாவளிக்கு முன்னால் பாளையங்கோட்டை நிலையத்துக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுத்து, செயல்முறை விளக்கத்துக்கு ஆள் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். பகலில் வீட்டில் இருப்பது பெண்களும் பெரியவர்களும்தான், அதனால் அவர்கள் கையில் சிலிண்டரைக் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். வேட்டி மடித்துக்கட்டி முன்னால் நிற்கிறவர்கள் வேடிக்கை பார்த்தால் போதும். அந்த வேலை செய்யாத பழைய சிலிண்டரைக் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடாமல் வைத்திருங்கள். பின்னை உருவிப் பழக அது ஒன்று வேண்டும்.